இலவச மின்சாரமும் பக்கத்துக் கிணறும்: சமத்துவம், திறன், புறவிளைவு பற்றி ஒரு விவாதம்

மேழி (இழையைத் தொடங்கியவர்)

இளங்கலைப் பொருளியல் மாணவர்களுக்கு மாலை நேரங்களில் பாடம் சொல்லித் தருகிறேன். சமத்துவத்தைக் கூட்டினால் திறன் (அதாவது வளங்களை வீணாக்காமல் பயன்படுத்துவது) குறையும், திறனைக் கூட்டினால் சமத்துவம் குறையும், இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தைச் சமூகம் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று பாடம் தொடங்குகிறது. ஒருவருடைய உற்பத்திச் செலவில் ஒரு பகுதி, அதில் தொடர்பே இல்லாத இன்னொருவர் தலையில் விழுவதைக் குறிக்கும் புறவிளைவு என்ற கருத்து அதற்குப் பிறகு, தனி இயலாக வருகிறது. இரண்டையும் தனித்தனியாக நடத்தி முடித்துவிட்டுத் தேர்வுக்கு அனுப்பிவிடுகிறோம்.

சென்ற வாரம், உடுமலைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. உழவுக்கு மின்சாரத்தை விலையின்றிக் கொடுப்பது சமத்துவத்துக்காகத் திறனைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதற்கு எடுத்துக்காட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து, "எங்கள் கிணறு வற்றியது பக்கத்துத் தோட்டத்தில் ஆயிரம் அடிக்கு போர் போட்ட பிறகுதான் ஐயா. அவர்களுக்கும் மின்சாரம் இலவசம், எங்களுக்கும் இலவசம். எங்களுக்குக் கிடைத்த சமத்துவம் எது?" என்று கேட்டார்.

தமிழ்நாட்டில் 1984-இல் சிறு உழவர்களுக்கும், 1990 வாக்கில் அனைத்து உழவர்களுக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. 2003-இல் ஒருமுறை அது நிறுத்தப்பட்டு, 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓரிடமும் பெறாத நிலையில் மீண்டும் வழங்கப்பட்டது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இன்று இருக்கின்றன. அதே காலத்தில் மாநிலத்தின் 1,166 நிலத்தடி நீர்க் குறுவட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஆண்டுதோறும் ஊறுவதைவிட அதிகமாக இறைக்கப்படும் பகுதி என்று கணக்கெடுப்பில் வகைப்படுத்தப்படும் நிலைக்கு வந்திருக்கிறது. இந்த இரண்டு செய்திகளையும் ஒரே பாடத்தில் எப்படிச் சேர்த்துச் சொல்வது என்று இங்குள்ளவர்களிடம் கேட்கிறேன். அரசியல் கட்சிகளைப் பற்றிய வாதமாக இதை ஆக்கிவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

கவலையோட்டி

மேழி ஐயாவுக்கு வணக்கம். பல்லடத்துக்குத் தெற்கே எங்களுக்கு நான்கரை ஏக்கர் மேட்டாங்காடு. தென்னையும் கொஞ்சம் காய்கறியும் வைத்திருக்கிறோம். இலவச மின்சாரத்தைப் பற்றி நகரத்தில் பேசுவோர் பெரும்பாலும் அதை ஒரு சலுகையாக எண்ணித் தொடங்குகிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டுப் பிறகு குறைகளுக்கு வருகிறேன்.

காவிரிப் படுகையில் பயிர் செய்தவருக்கு 1934-இல் மேட்டூர் அணையை அரசு கட்டிக் கொடுத்தது. வாய்க்கால் வெட்டியதும், மதகு வைத்ததும், பராமரிப்பதும் அரசு. அவர் செலுத்தும் நீர்த்தீர்வை அந்தச் செலவில் ஒரு சிறு துளிகூட ஆகாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவர்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் கொங்கு நாட்டு மேட்டு நிலத்தில் நீருக்கான முதலீடு முழுவதும் எங்களுடையது. எங்கள் தாத்தா கடன் வாங்கிப் பாறையை வெடி வைத்துத் தகர்த்து அறுபதடிக் கிணறு வெட்டினார். அவர் மாடு கட்டி, சாலால் நீரை மேலே இழுக்கும் கவலை ஓட்டி இறைத்தார், அப்பா ஆயில் எஞ்சின் வைத்தார், பிறகு மின் மோட்டார் வந்தது. ஒரே மாநிலத்தில் ஒருவருக்குத் தண்ணீர் வயலுக்கே வந்து பாய்கிறது, இன்னொருவர் அதே நெல்லுக்கும் அதே மஞ்சளுக்கும் அதே சந்தை விலையைப் பெற்றுக்கொண்டு, தண்ணீரை மேலே கொண்டுவர மாதாமாதம் பணம் கட்டுகிறார். 1970-இல் மின்கட்டணத்தைக் கூட்டியதை எதிர்த்து எங்கள் பக்கத்தில் எழுந்த போராட்டத்தின் அடியில் இருந்த நியாயம் இதுவே. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று உழவர்கள் இறந்தார்கள். 1972-இல் கோவை நகரத்துச் சாலைகளில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உழவர் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பேச்சைக் கேட்க அப்பா சைக்கிளில் போனதை இன்றும் சொல்வார். ஆகவே இது எங்களைப் பொறுத்தவரை ஆற்றுப் பாசனத்துக்கும் கிணற்றுப் பாசனத்துக்கும் இடையில் கேட்கப்பட்ட சமநீதி.

இதைச் சொன்ன பிறகு, அந்த மாணவி சொன்னதும் உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் அறுபதடிக் கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளையிட்டுப் பக்கப் போரும், அடியில் துளையிட்டு அடிப் போரும் போட்டுக் காப்பாற்றப் பார்த்தோம். இப்போது அதில் ஊற்று என்று ஒன்று இல்லை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீர்மூழ்கி மோட்டார் விரலளவுக்கு எடுத்துவரும் நீரை அந்தப் பழைய கிணற்றில் விட்டுத் தேக்கி, பிறகு இன்னொரு மோட்டாரால் வயலுக்கு இறைக்கிறோம். தாத்தா வெட்டிய கிணறு இன்று ஒரு தொட்டி. எங்களைச் சுற்றிலும் இதே நிலைதான். நாங்களும் யாரோ ஒருவரின் ஊற்றை இழுத்துக்கொண்டுதான் இருப்போம் என்பது எனக்குத் தெரியும்.

நாழி

கவலையோட்டி அவர்கள் எழுதியது இந்த விவாதத்துக்குத் தேவையான அடித்தளம். நான் அதன் மேல் கொஞ்சம் கணக்கு வைக்கிறேன், ஏனென்றால் "அனைவருக்கும் இலவசம்" என்ற சொல் சமமாகத் தோன்றினாலும் கணக்கில் அது சமமாக வருவதில்லை.

ஆயிரம் லிட்டர் நீரை நூறு மீட்டர் உயர்த்த, எந்த இழப்பும் இல்லாமல், சுமார் 0.27 யூனிட் ஆற்றல் வேண்டும். மோட்டாரும் பம்பும் சேர்ந்து நூற்றுக்கு நாற்பது என்ற அளவில் வேலை செய்வதாக வைத்துக்கொண்டால் 0.7 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அப்படியானால் நூறடிக் கிணற்றிலிருந்து, அதாவது முப்பது மீட்டரிலிருந்து, ஆயிரம் லிட்டர் எடுக்க 0.2 யூனிட் போதும். ஆயிரம் அடியிலிருந்து எடுக்க 2 யூனிட் வேண்டும். தண்ணீர் அதே ஆயிரம் லிட்டர்தான். அரசு ஆழத்தில் இருப்பவருக்குப் பத்து மடங்கு கொடுக்கிறது. மோட்டாரின் குதிரைத்திறனிலும் இதே நிலை. ஐந்து ஹெச்.பி. மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினால் 22 யூனிட் அளவு, பதினைந்து ஹெச்.பி. ஓடினால் 67 யூனிட். ஆழமாகத் துளைக்கவும் பெரிய மோட்டார் வாங்கவும் கைமுதல் உள்ளவருக்கே அதிக மானியம் போய்ச் சேர்கிறது. தமிழ்நாட்டில் நிலவுடைமையின் சராசரி 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 எக்டேர், உழவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் சிறு, குறு உழவர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆர்தர் ஓக்கன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1975-இல் சொன்ன ஒரு படிமம் மேழி நடத்தும் பாடத்தில் இருக்கும். செல்வரிடமிருந்து வறியவருக்குப் பணத்தை ஓர் ஓட்டை வாளியில் எடுத்துச் செல்கிறோம், வழியில் கொஞ்சம் ஒழுகிப்போகும், எவ்வளவு ஒழுகினால் நீங்கள் அதை நிறுத்துவீர்கள் என்று அவர் கேட்டார். நிர்வாகச் செலவு, உழைப்பில் ஏற்படும் சுணக்கம் முதலியவற்றை அவர் ஒழுகல் என்றார். நம் ஊரில் கவலை இறைத்தவர்களுக்கு வாளி ஒழுகுவது புதிதல்ல. ஆனால் கவலைச் சாலிலிருந்து ஒழுகியது அதே கிணற்றுக்குள் திரும்ப விழுந்தது. ஓக்கனின் வாளியிலிருந்து ஒழுகுவது யாருக்கும் இல்லாமல் போகிறது. இலவச மின்சாரத்தில் நடப்பது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை. மின்சாரத்துக்கு விலை இல்லை என்பதால் கூடுதலாக இறைக்கப்படும் ஒவ்வொரு குடமும் பக்கத்து நிலத்துப் பாறை இடுக்கிலிருந்து வருகிறது. வாளி யாருக்காகத் தூக்கப்பட்டதோ அவருடைய கிணற்றையே அது வற்றவைக்கிறது.

இந்தப் புள்ளியில்தான் பாடத்தின் இரண்டு இயல்களும் ஒன்றாகின்றன. சமத்துவமும் திறனும் எதிரெதிர்த் தட்டுகள் என்பது, புறவிளைவு இல்லாத இடத்தில் மட்டுமே ஓரளவுக்குச் சரி. புறவிளைவு வலுவாக இருக்கும் இடத்தில் ஒரே செயல் இரண்டையும் சேர்த்துக் கெடுக்கலாம். திறன் கெடுவது எதனால் என்றால், கூடுதல் ஒரு யூனிட்டால் கிடைக்கும் விளைச்சலின் மதிப்பு அந்த யூனிட்டை உற்பத்தி செய்ய ஆகும் செலவைவிடக் குறைவாக இருந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. சமத்துவம் கெடுவது, ஆழப் போட்டியில் முதலில் தோற்பவர் கைமுதல் இல்லாதவர் என்பதால்.

நேர்வழி

அப்படியானால் விடை எளிது அல்லவா? மீட்டர் வைத்து, ஆகும் விலையை வாங்கிவிடலாம். ஏழை உழவருக்குத் தனியாகப் பணமாகக் கொடுத்துவிடலாம். 1920-இல் ஆர்தர் பிகு சொன்ன திருத்தமும் இதுதானே: புறவிளைவின் அளவுக்கு வரி போடு, மீதியைச் சந்தை பார்த்துக்கொள்ளும்.

மின்பாதை

மின்வாரியத்தில் முப்பத்தொரு ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன். நேர்வழி அவர்கள் சொல்வது தாளில் சரியாக இருக்கிறது. தாளுக்கும் வயலுக்கும் நடுவே நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

வேளாண் இணைப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. எத்தனை யூனிட் போயிற்று என்பது குதிரைத்திறனையும் மணி நேரத்தையும் வைத்துச் செய்யும் மதிப்பீடு. மதிப்பீட்டில் இருக்கும் பெரிய இடர் என்னவென்றால், வழியில் ஏற்படும் மின்னிழப்பு, திருட்டு, அளவுப் பிழை எதுவாயினும் அந்தத் தலைப்பின் கீழ் ஒதுக்கிவிட முடியும். உழவர் உண்மையில் பயன்படுத்தியதைவிட அதிகம் அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கலாம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு, மாநில அரசு மானியம் அறிவித்தால் அந்தத் தொகையை முன்கூட்டியே வாரியத்துக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. அளக்காத பொருளுக்கு எவ்வளவு செலுத்துவது என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. ஆகவே அளத்தல் உழவருக்கு எதிரானது என்று நான் நினைக்கவில்லை. முதலில் அவரைக் காப்பது அதுதான்.

ஆனால் கிராமத்தில் மீட்டர் பெட்டி என்றால் அடுத்து ரசீது வரும் என்றுதான் பொருள். நாற்பது ஆண்டு நினைவு அதில் இருக்கிறது. 2020-இல் ஒன்றிய அரசின் மின்சாரத் திருத்த வரைவில், மானியத்தை வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தலாம் என்று வந்தபோது தமிழ்நாடு அதைக் கடுமையாக எதிர்த்தது. அந்த அச்சத்துக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. விலையைக் கட்டிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும், பணம் தாமதமானால் இணைப்பு துண்டிக்கப்படும். அத்துடன் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், பட்டா மூன்று பங்காளிகளின் கூட்டுப் பெயரில் இருக்கும், பயிர் செய்பவர் குத்தகைக்காரராக இருப்பார். பணம் யார் கணக்குக்குப் போவது? பெயர் மாற்றக் கோரும் விண்ணப்பங்களை மட்டுமே வைத்து ஓர் அறை நிறைந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, வரிசை. இலவச இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த லட்சக்கணக்கானோர் உண்டு. 2021-இல் ஒரு லட்சம் இணைப்புகள் ஒரே திட்டத்தில் கொடுக்கப்பட்டன என்பது அந்த வரிசையின் நீளத்தைக் காட்டும். ஐந்து ஹெச்.பி.க்கு இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால் தட்கல் முறையில் முன்னதாகப் பெறலாம் என்ற வழியும் வந்தது. விலையை ஒழித்தால் பொருள் சமமாகப் பங்கிடப்படும் என்று நாம் எண்ணுகிறோம். விலை இல்லாத இடத்தில் வரிசை வருகிறது, வரிசையில் நிற்க முடியாதவருக்கு வேறொரு கதவு திறக்கப்படுகிறது. அந்தக் கதவில் பழைய விலை எழுதியிருக்கிறது.

வெண்ணெல்

இதுவரை பேசியவர்கள் எல்லோரும் கிணறு உள்ளவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அம்மா நாற்பது ஆண்டு களை எடுத்தவர். எங்களுக்கு நிலம் இல்லை, ஆகையால் மின் இணைப்பும் இல்லை. இந்த மானியத்தில் எங்கள் பங்கு எது என்று எண்ணிப் பார்த்தால், தண்ணீர் இருக்கும் தோட்டத்தில் கூலி நாட்கள் கூடும் என்பது ஒன்று. அது உண்மை, நான் மறுக்கவில்லை. எங்கள் ஊரில் மூன்றாம் போகம் நின்ற ஆண்டில் அம்மாவுக்கு வேலை நாட்கள் பாதியாகக் குறைந்தன.

ஆனால் எங்கள் தெருவுக்குக் குடிநீர் கொடுத்த ஊராட்சியின் ஆழ்துளைக் கிணறு, சுற்றிலும் தோட்டங்களில் புதிய போர்கள் இறங்கிய இரண்டாவது கோடையில் காற்றை மட்டும் தந்தது. பிறகு லாரித் தண்ணீர். குடம் வைத்து நிற்பதில் அம்மா இழந்த காலை நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? மேழி அவர்களின் மாணவிக்காவது வற்றுவதற்கு ஒரு கிணறு இருந்தது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி தன் நிலத்தடியில் வரையறுத்த ஓடையாக ஓடாத நீரை எடுப்பது நில உடைமையாளரின் உரிமை. நிலமற்றவருக்கு அந்த நீரின் மேல் சொல்லக்கூடிய உரிமை எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. நீதிமன்றங்கள் பிற்காலத்தில் குடிநீரை வாழ்வுரிமையோடு சேர்த்துப் பேசியிருக்கின்றன, ஆனால் எங்கள் தெருவில் அதை எடுத்துக்கொண்டு வழக்குக்குப் போக யாருக்கும் நாள் இல்லை.

சமத்துவம் என்று சொல்லும்போது யாருக்கும் யாருக்கும் இடையில் என்று முதலில் சொல்லிவிடுங்கள். ஆற்றுப் பாசனக்காரருக்கும் கிணற்றுப் பாசனக்காரருக்கும் இடையில் என்றால் கவலையோட்டி அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. நூறடிக்கும் ஆயிரம் அடிக்கும் இடையில் என்றால் நாழி அவர்களின் கணக்கு சரி. எங்களை எந்த வரிசையில் வைத்து அளப்பீர்கள் என்பதே நான் கேட்பது.

நாழி

வெண்ணெல் அவர்களின் கேள்விக்கு நேரடியாக விடை சொல்கிறேன். உங்கள் அம்மாவின் காலை நேரம் எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. புறவிளைவு என்ற சொல்லுக்கே அதுதான் பொருள்: நடந்திருக்கிறது, கணக்கில் இல்லை. நான் முன்பு போட்ட கணக்கிலும் அது இல்லை. அந்தக் குறையை ஏற்றுக்கொள்கிறேன்.

பாதிக்கப்பட்டவரும் பாதித்தவரும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று 1960-இல் ரொனால்ட் கோஸ் காட்டிய வழி இங்கே ஏன் உதவாது என்பதற்கும் உங்கள் பதிவில் விடை இருக்கிறது. பேசுவதற்கு உரிமை தெளிவாக இருக்க வேண்டும், பேசுவோர் சிலராக இருக்க வேண்டும், பேசுவதற்கே பெருஞ்செலவு ஆகக் கூடாது. பாறை நிலத்தில் எந்தப் போர் எந்தக் கிணற்றை வற்றவைத்தது என்று மெய்ப்பிப்பதே கடினம். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை. அதில் நீர் ஏரிபோல விரிந்து நிற்பதில்லை, வெடிப்பு வெடிப்பாக நிற்கிறது. ஐம்பதடி தள்ளியிருக்கும் கிணறு தப்பித்து, முந்நூறு அடி தள்ளியிருக்கும் கிணறு வற்றுவதும் உண்டு.

திசைமானி

பிற மாநிலங்கள் இந்தச் சிக்கலை வெவ்வேறு முனையிலிருந்து பிடித்துப் பார்த்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு முனையைப் பிடித்தபோது இன்னொரு முனை நழுவியிருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

குஜராத்தில் 2003-இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் பம்ப்செட்டுகளுக்கான மின்பாதையை வீடுகளின் மின்பாதையிலிருந்து பிரித்தார்கள். வீட்டுக்கு நாள் முழுதும் மின்சாரம், வயலுக்கு நாளுக்கு எட்டு மணி நேரம், ஆனால் அந்த எட்டு மணி நேரம் அழுத்தம் குறையாமல், முன்கூட்டிச் சொன்ன நேரத்தில். விலையைத் தொடாமல் அளவைக் கட்டுப்படுத்தினார்கள். மோட்டார் எரிவது குறைந்தது, கிராமத்துச் சிறுதொழில்களுக்கு நன்மை கிடைத்தது. ஆனால் கிணறு இல்லாமல் பக்கத்துத் தோட்டத்தாரிடம் தண்ணீர் விலைக்கு வாங்கிப் பயிர் செய்துவந்த சிறியவர்களும் குத்தகைக்காரர்களும் அடிபட்டார்கள், ஏனென்றால் விற்பதற்கு உபரி மணி நேரம் மிஞ்சவில்லை.

மேற்கு வங்கம் 2007 முதல் மீட்டர் வைத்தது. அங்கே நீர்மட்டம் மேலே இருக்கிறது, ஆகவே நம் நிலைமையோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. முன்பு மோட்டார் உடைமையாளர் ஆண்டுக்கு ஒரு நிலையான பெருந்தொகை கட்டினார். அதை மீட்க அவர் தண்ணீரை விற்றே ஆக வேண்டியிருந்தது, அதனால் வாங்குபவருக்குப் பேரம் பேச வலு இருந்தது. யூனிட் கணக்கு வந்த பிறகு அந்தக் கட்டாயம் போயிற்று. மீட்டர் திறனுக்கு நல்லது என்று சொல்பவர்கள், தண்ணீர் வாங்கிப் பயிர் செய்யும் கடைசி ஆள் அதில் எங்கே நிற்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

பஞ்சாபின் பாடம் எனக்கு மிகவும் வலி தருவது. நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. கொளுத்தும் கோடையில் நாற்று நட்டால் நீர் அதிகம் ஆவியாகும் என்பதால் ஜூன் 10-க்கு முன் நடக்கூடாது என்றார்கள். பிறகு அந்த நாள் இன்னும் தள்ளிப்போனது. நடவு தள்ளியதால் அறுவடை தள்ளியது. நெல் அறுத்துக் கோதுமை விதைப்பதற்குள் கிடைக்கும் இடைவெளி சுருங்கியதால், வயலை விரைவாகத் தயாராக்க வைக்கோல் தாளுக்குத் தீ வைப்பது அக்டோபர் இறுதிக்கும் நவம்பருக்கும் நகர்ந்தது. காற்று அசையாமல் நிற்கும் பருவம் அது. புகை தில்லி வரை படர்ந்து தங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. நிலத்துக்கடியில் ஒரு புறவிளைவைக் குறைக்கப் போய், காற்றில் இன்னொன்றைக் கூட்டினார்கள். நெல்லுக்கு உறுதியான கொள்முதலும் இலவச மின்சாரமும் அப்படியே இருக்க, நடவு நாளை மட்டும் மாற்றியதால் வந்தது இது.

அதே பஞ்சாபில் 2018-இல் சில மின்பாதைகளில் வேறொரு முறையைச் சோதித்தார்கள். தண்ணீரைச் சேமி, பணம் ஈட்டு என்பது அதன் பெயரின் பொருள். உழவருக்கு இவ்வளவு யூனிட் என்று உரிமையளவு ஒதுக்கப்படும். அதற்குள் மின்சாரம் இலவசம். அதில் பயன்படுத்தாமல் விட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் கணக்குக்கு வரும். கூடுதலாகப் பயன்படுத்தினால் தண்டம் இல்லை, விரும்பியவர் மட்டும் சேரலாம். பொருளியல் மொழியில் சொன்னால் மானியம் அவர் கையிலேயே இருக்கிறது, ஆனால் இறுதிநிலை யூனிட்டுக்கு, அதாவது கூடுதலாக ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும், ஒரு விலை வந்துவிடுகிறது: மோட்டாரை ஓட்டினால் அந்த 4 ரூபாய் போகும். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற ஊரில் 2016-இல் சூரிய ஆற்றல் பம்பு வைத்திருந்த உழவர்கள் கூட்டுறவு அமைத்து, மிஞ்சும் மின்சாரத்தை மின்தொகுப்புக்கு விற்றதும் இதே கருத்தின் இன்னொரு வடிவம். மின்தொகுப்போடு இணைக்காமல் சூரிய பம்பு மட்டும் கொடுத்தால், பகல் முழுதும் செலவே இல்லாமல் இறைக்க வழி செய்து கொடுத்ததாகத்தான் ஆகும்.

நேர்வழி

நான் முன்பு எழுதியதில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன். மீட்டர் வைத்து விலை வாங்குவதைவிட, உரிமையளவு கொடுத்து மிச்சத்துக்குப் பணம் தருவது அதே வேலையை வேறு திசையிலிருந்து செய்கிறது. உரிமை யாரிடம் தொடங்குகிறது என்பது மட்டும் மாறுகிறது. ஆனால் அந்த 'மட்டும்'தான் கவலையோட்டி அவர்கள் சொன்ன 1970 போராட்டத்தின் நியாயம் என்பதைப் புரிந்துகொண்டேன்.

ஒரு சந்தேகம். உரிமையளவை எதை வைத்து முடிவு செய்வது? குதிரைத்திறனை வைத்தால் நாழி காட்டிய ஏற்றத்தாழ்வு அப்படியே சட்டமாகிவிடும்.

கவலையோட்டி

நேர்வழி தம்பி கேட்டதற்கு எங்கள் பக்கத்தில் பேசிப் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் பதினோரு இணைப்புகள். இந்த இழையைப் படித்துவிட்டுச் சென்ற ஞாயிறு அவர்களில் ஏழு பேரிடம் பேசினேன்.

தனித்தனி மோட்டாருக்கு மீட்டர் என்றதும் ஐந்து பேர் எழுந்தே போய்விடப் பார்த்தார்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரே ஒரு மீட்டர், ரசீது கிடையாது, சென்ற ஆண்டைவிடக் குறைந்த யூனிட்டுக்குப் பணம் பதினோரு பேருக்கும் பங்காக வரும் என்று சொன்னபோது கேட்டார்கள். குதிரைத்திறன்படி பங்கு பிரிப்பதை நான்கு பேர் ஒப்புக்கொள்ளவில்லை. ஏக்கர்படி என்றார்கள், அதிலும் ஐந்து ஏக்கர் வரைதான் கணக்கு, அதற்கு மேல் இருப்பவருக்கும் ஐந்துதான் என்றார்கள். அவர்களில் ஒருவரிடம் பதினெட்டு ஏக்கர் இருக்கிறது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. பார்ப்போம்.

ஆனால் எல்லோரும் சேர்ந்து வைத்த நிபந்தனை ஒன்று உண்டு. மும்முனை மின்சாரம் பகலில், சொன்ன நேரத்தில் வர வேண்டும். நடுராத்திரியில் டார்ச் பிடித்துக்கொண்டு மடை மாற்றப் போய்ப் பாம்பு கடித்து இறந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாததால்தான் மோட்டாரைத் தானியங்கிப் பொறியில் போட்டுவிட்டு எல்லோரும் படுத்துவிடுகிறோம். கரண்ட் வந்ததும் எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் ஓடும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். வீணாவதில் பாதி இலவசத்தால் என்றால் மறுபாதி இந்த நிச்சயமின்மையால். சொட்டுநீர்க் குழாய்க்குச் சிறு, குறு உழவர்களுக்கு நூறு விழுக்காடு மானியம் இருக்கிறது. நானும் போட்டிருக்கிறேன். மிச்சமான தண்ணீரில் என்ன செய்தேன் என்று உண்மையைச் சொல்ல வேண்டுமானால், இன்னும் முக்கால் ஏக்கரில் தென்னை வைத்தேன். கிணற்றுக்கு ஒன்றும் மிச்சமாகவில்லை. மிச்சம் பிடித்தால் அது என் கணக்கில் தங்கும் என்ற நிலை இருந்திருந்தால் அந்தத் தென்னையை வைத்திருக்க மாட்டேன்.

வெண்ணெல்

பதினோரு பேரின் பங்கில் ஊராட்சியின் குடிநீர்க் கிணற்றைப் பன்னிரண்டாவதாகச் சேர்க்க முடியுமா என்று அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள் அண்ணா. பணப் பங்கு வேண்டாம். கோடையில் அந்தக் கிணற்றின் மட்டம் இன்ன அடிக்குக் கீழே போனால் சுற்றுவட்ட மோட்டார்களின் மணி நேரம் குறைக்கப்படும் என்ற ஒரே ஒரு விதி போதும்.

மின்பாதை

அதற்கு அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. ஊராட்சிக் கிணற்றில் நீர்மட்டத்தைக் கயிற்றில் எடை கட்டி விட்டே பார்க்கலாம், புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. பிரிக்கப்பட்ட மின்பாதையாக இருந்தால் மணி நேரத்தை மாற்றுவதும் துணைமின் நிலையத்தில் ஒரே பணி. தடை சட்டத்தில்தான். தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்காக 2003-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகையால் நீங்கள் சொல்லும் விதியை இப்போதைக்கு ஊர் தானாக ஒப்புக்கொண்டால்தான் உண்டு.

தானாக ஒப்புக்கொள்வது நடக்காத காரியமும் அல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே கடலோர நிலத்தடி நீர்ப் படுகையில் உப்புநீர் ஏறத் தொடங்கியபோது, இறைப்பவர்கள் தாங்களே கூடி அளவைக் குறைத்துக்கொண்ட வரலாற்றைத்தான் எலினார் ஆஸ்ட்ரம் தம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். 2009-இல் நோபல் பரிசு பெற்ற அவருடைய பொதுவள ஆய்வுகள் அங்கிருந்துதான் தொடங்கின. அங்கே அளவை எழுதிவைக்க நீதிமன்றமும் கண்காணிப்பாளரும் துணை நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மேழி

மாணவிக்குச் சொல்ல என்னிடம் இப்போது ஒரு விடை இருக்கிறது. ஆற்றுப் பாசனத்தோடு ஒப்பிட்டு உங்கள் குடும்பத்துக்கு ஒரு சமத்துவம் வந்தது, அதை ஆழத்தின் ஏற்றத்தாழ்வு திரும்ப எடுத்துக்கொண்டது என்று சொல்வேன். இரண்டு இயல்களையும் இந்த ஆண்டு ஒன்றாகவே நடத்தப் போகிறேன், வெண்ணெல் அவர்களின் பதிவை அனுமதி தந்தால் வகுப்பில் படிப்பேன்.

கவலையோட்டி ஐயா, அந்தப் பதினெட்டு ஏக்கர்க்காரர் வாய் திறந்தாரா என்று அடுத்த ஞாயிறுக்குப் பிறகு இங்கே எழுதுங்கள்.

கவலையோட்டி

நேற்றுப் பேசினார். பணப் பங்கில் ஐந்து ஏக்கர் வரம்புக்கு அவர் சம்மதிக்கவில்லை, எட்டு என்கிறார். ஊராட்சிக் கிணற்று விதிக்கு மட்டும் முதலில் தலையசைத்தவர் அவர்தான். அவர் வீட்டுக் குடிநீரும் அந்தக் கிணற்றிலிருந்துதான் வருகிறது.